பல்லைப் பிடித்துப் பாருங்கள்!

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்று நம் நாட்டில் ஒரு பழமொழி உண்டு. சர்க்கார் செலவைப் பற்றியும் நம் மக்கள் இப்படியே நினைத்துக்கொண்டிருக்கின்றார்கள். இத்தனை கோடி ரூபாய் செலவாயிற்று என்று சொன்னால் போதும். கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகின்றார்கள். இது யார் கொடுத்த தானம்? ஓசூர் ஆலைத் தொழிலாளி வாங்கும் சோப்புக்கும், தளி விவசாயி வாங்கும் தீப்பெட்டிக்கும் கொடுத்த வரியல்லவா?

கிருஷ்ணகிரி, தர்மபுரி ஜில்லாக்களில் பல ஊர்களின் நிலத்தடித் தண்ணீரில், பாறையிலிருந்து கரைந்த புளோரைடு கலந்திருக்கின்றது. அது ஒரு லிட்டரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குழந்தைகளின் பல்லில் கறை ஏறும். மிக அதிகமாகிப் பல வருஷம் குடித்தால் எலும்பு இறுகி முதுகு வளையும். காய்ச்சினாலும் அது போகாது. இது தலைவிதியுமல்ல, குலசாமியின் கோபமுமல்ல, தண்ணீரின் குற்றமேயாகும்.

இதைத் தீர்க்கவே ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் ஏற்பட்டது. ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்திடம் கடன் வாங்கி, சுமார் 1,928 கோடி ரூபாய் மதிப்பில் நடத்தப்பட்டு, 2013-ஆம் வருஷம் மே மாதம் திறக்கப்பட்டது. 2008-இல் இதற்காக எல்லையின் இரு பக்கமும் எவ்வளவு கூச்சல்! பஸ்கள் நின்றன, சென்னையில் சினிமா நடிகர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். தண்ணீர் யாருடையது என்று அன்று கத்தியவர்களில் எத்தனை பேர், வந்த தண்ணீர் நோயைக் குறைத்ததா என்று பிறகு கேட்டார்கள்?

திட்டம் வேண்டியதுதான், அதில் நமக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் இத்தனை மைல் குழாய், இத்தனை லிட்டர் தண்ணீர் என்பதெல்லாம் செலவின் கணக்கேயொழியப் பயனின் கணக்காகாது. மேல்நிலைத் தொட்டியில் ஆழ்குழாய்த் தண்ணீரையும் கலந்துவிட்டாலும், முறை வைத்துத் தண்ணீர் விட்டு மக்களைப் பழைய கிணற்றுக்கே திருப்பினாலும், செலவு முழுசாயும் பயன் அரையாயுமே முடியும்.

தணிக்கை இல்லையா என்பார்கள். உண்டு. தணிக்கைத் தலைவரின் அறிக்கை சட்டசபைக்குப் போகும். பொதுக்கணக்குக் குழு பார்க்கும். ஆனால் அது பணம் செலவாகிப் பல காலம் கழித்தே வருவது. அதற்குள் ஒரு தலைமுறைக் குழந்தைகளின் பல் முளைத்துவிடும்.

ஆகவே, அந்தப் பல்லையே கணக்குப் புத்தகமாக வைத்துக்கொள்ளுவோம். 2013-இல் பிறந்த குழந்தைக்கு இன்று நிரந்தரப் பல் முளைத்திருக்கும். தண்ணீர் ஒழுங்காய் வந்த ஊரில் அந்தப் பல் வெள்ளையாயிருக்க வேண்டும். பள்ளிக்கூடம் தோறும் டாக்டரை அனுப்பிப் பல்லைப் பார்க்கட்டும். தெருக்குழாய்த் தண்ணீரைச் சோதித்து, புளோரைடு எவ்வளவு என்று ஊராட்சிச் சுவரில் எழுதட்டும். இதற்கு ஆகும் செலவு, திட்டத்தின் செலவில் தூசியாகும்.

இரண்டாம் கட்டத் திட்டத்தையும் சர்க்கார் அறிவித்திருக்கின்றது. முதல் கட்டத்தின் பலனைப் பாராமல் இரண்டாவதற்குக் கையெழுத்துப் போடுவது எப்படி யோக்கியமாகும்?

தோழர்களே! மார்ச்சு 22-ந் தேதி, தண்ணீர் தினத்தன்று, கிராமசபை கூடுகின்றது. அங்கு எழுந்து நின்று கேளுங்கள். இது தானத்து மாடல்ல. காசு கொடுத்து நாம் வாங்கிய மாடு. தைரியமாய்ப் பல்லைப் பிடித்துப் பாருங்கள்!