யன்னலில் கவுன்சிலுக்கு என்ன வேலை?

"என்ர வீடு, என்ர காசு. யன்னல் மாத்த கவுன்சிலிட்ட ஏன் கேக்க வேணும்?" லண்டன் வெஸ்ட் ஈலிங்கில் இந்தப் பேச்சைக் கல்யாண வீட்டிலும் கேட்கலாம், கனகதுர்க்கை அம்மன் கோயில் வாசலிலும் கேட்கலாம். கூடவே இன்னொன்றும் வரும்: "இது வெள்ளைக்காரரின்ர பழசு மோகம், எங்களுக்கென்ன?" முதலாவது பிழை. இரண்டாவது, எங்களை நாங்களே இந்த ஊருக்கு விருந்தாளிகளாக்கிக்கொள்ளும் பேச்சு.

சட்டம் கேட்பது கொஞ்சம்தான். பழைய தெருக்களின் தோற்றத்தைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி (conservation area) என்ற ஏற்பாடு 1967-இல் வந்தது; இன்று நடைமுறையில் இருப்பது 1990-ஆம் ஆண்டுச் சட்டம். தனிக் கட்டடமாகப் பட்டியலிடப்படாத வீடென்றால் உள்ளே சாமியறை வைப்பதையோ குசினியைப் பெருப்பிப்பதையோ இந்தச் சட்டம் கேட்பதில்லை. முன்சுவருக்கு மேல் கல்லோ பூச்சோ ஒட்டுவது, பக்கவாட்டில் கட்டுவது, கூரையில் அறை தள்ளுவது என்றால் அனுமதி வேண்டும். வழக்கமாக அனுமதி தேவைப்படாத வேலைகளுக்கும் அனுமதி கேட்க வைக்கும் 'ஆர்ட்டிக்கிள் 4' உத்தரவு போட்ட தெருக்களில் முன்பக்க யன்னலும் கதவும் அதற்குள் வரலாம்.

யன்னல் அவ்வளவு பெரிய விஷயமா? ஒட்டு வீடுகள் உள்ள பழைய தெருவொன்றில் நின்று பாருங்கள். மேலும் கீழும் வழுக்கும் மரச்சட்ட யன்னல் செங்கல்லுக்குச் சற்று உள்ளே பதிந்திருக்கும். அந்த இடைவெளியில் விழும் நிழல்தான் தட்டைச் சுவருக்கு ஆழம் கொடுக்கிறது. அதே நிழல் பத்து வீட்டுக்கும் ஒரே வரிசையில் ஓடும். நடுவில் ஒருவர் தடித்த வெள்ளைப் பிளாஸ்டிக் சட்டத்தைச் சுவர் விளிம்போடு வைக்கிறார். நிழல் அங்கே அறுகிறது. இழப்பு அவருக்கு மட்டுமில்லை, மற்ற ஒன்பது வீட்டுக்கும்தான். குளிருக்கு வேறு வழி உண்டு: மரச்சட்டத்தைத் திருத்தி, இடுக்கை அடைத்து, உட்பக்கம் இரண்டாவது கண்ணாடி போடலாம்.

பணக்கார வெள்ளையரின் பொழுதுபோக்கு என்பவர்கள் வடக்கே பிரெந்தம் வரை நடந்துபோய் வரட்டும். 1901-இல் அங்கே முதல் ஒன்பது வீடுகளைக் கட்டியவர்கள் கூட்டுறவாகச் சேர்ந்த கட்டடத் தொழிலாளர்கள். முன்னின்றவர் ஹென்றி விவியன், தச்சர், தொழிற்சங்கக்காரர். 600-க்கும் மேற்பட்ட வீடுகளாக வளர்ந்த அந்தக் குடியிருப்பு 1969-இல் பாதுகாப்புப் பகுதியானது. உழைப்பாளிகள் தங்களுக்கென்று கட்டியது இன்றும் அதே முகத்தோடு நிற்பதற்கு இந்த விதிகள்தான் பெரிய காரணம்.

பழசை மதிப்பது எங்களுக்குப் புதிதா? 1981-இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தைத் திரும்ப எழுப்பியபோது பழைய முகப்பின் சாயலில்தான் எழுப்பினார்கள். புதுச்சேரியின் வைசியாள் வீதியில் திண்ணையும் தாழ்வாரமுமாக இருந்த தமிழ் வீடுகளின் முகப்புகளைச் சீர்செய்தார்கள்; யுனெஸ்கோ விருது கிடைத்தது. அதைக் கண்டு பெருமைப்படும் நாங்கள், இங்கே எங்கள் தெருவை மட்டும் ஏன் யாரோ ஒருவரின் தெருவாகப் பார்க்கிறோம்?

நியாயமான கோபமும் உண்டு. ஆர்ட்டிக்கிள் 4-ஆல் மட்டுமே தேவைப்படும் விண்ணப்பத்துக்கு ஒருகாலத்தில் கட்டணம் இருக்கவில்லை. 2018 ஜனவரியில் அந்தச் சலுகையை அரசு எடுத்துவிட்டது. தெருவின் அழகுக்காக வீட்டுக்காரரை மரயன்னல் போடச் சொல்லிவிட்டு, கேட்பதற்கும் காசு வாங்குவது அநியாயம். அதை எதிர்த்து எம்.பி.க்கு எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் "சத்தமில்லாமல் மாத்து, நாலு வருஷம் போனால் ஒன்றும் செய்யேலாது" என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். 2024 ஏப்ரல் 25-இலோ அதற்குப் பிறகோ முடிந்த வேலைகளுக்கு அந்தக் காலம் பத்து வருஷம். கழற்றச் சொன்னால் இரண்டாம் தரமும் காசு கட்டப்போவது ஆலோசனை சொன்னவர் இல்லை.

தெருவில் யாராவது அனுமதிக்கு விண்ணப்பித்தால், விளக்குக் கம்பத்தில் கட்டியிருக்கும் அறிவித்தலைப் பார்த்து, பொதுவாக 21 நாளுக்குள், யாரும் கருத்து எழுதலாம். வாடகைக்கு இருப்பவரும் எழுதலாம். எழுதுபவரின் குடியுரிமையை யாரும் கேட்பதில்லை. அந்தத் தாளைக் கடந்து போய்விட்டு, முடிவு வந்தபின் "எங்களை யார் கேட்டது" என்கிறோம். கேட்டிருந்தார்கள். அடுத்த தாள் கட்டப்படும்போது நின்று வாசியுங்கள். பிடித்தால் ஆதரித்து எழுதுங்கள், பிடிக்காவிட்டால் ஏன் என்று எழுதுங்கள். உங்கள் விண்ணப்பத்தையே மறுத்தால் மேன்முறையீடு செய்யுங்கள். வீட்டுக்காரர் விண்ணப்பமென்றால் 12 கிழமை அவகாசம் இருக்கிறது.