மொத்த எடையைப் பார்த்து ரவுட்டர் வாங்கலாமா?

நாம் விற்கும் ஒரு கிலோ துவரம்பருப்புப் பொட்டலத்தில் பருப்பு மட்டுமே ஒரு கிலோ இருக்க வேண்டும். உறையின் எடையைச் சேர்த்துக் கணக்குக் காட்டக் கூடாது. 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும், அதன் கீழ் 2011இல் வந்த பொட்டலப் பொருள்கள் விதிகளும் இதில் கண்டிப்பாக இருக்கின்றன. மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை பெறுகிறோம். தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்தால் எடைக் குறைவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இத்தனை கெடுபிடிக்குள் தொழில் செய்யும் நாம், வீட்டுக்கு வைஃபை ரவுட்டர் வாங்கப் போனால் மட்டும் சாக்கோடு சேர்த்த எடையைப் பார்த்துப் பணம் கொடுத்துவிட்டு வருகிறோம்.

இது வெறும் பேச்சுக்காகச் சொல்வதல்ல. ரவுட்டர் பெட்டியின் முகப்பில் ஏசி1200, ஏஎக்ஸ்1500, ஏஎக்ஸ்3000 என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்ணை விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்ற வேகமாக நாம் எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அது இரண்டு எண்களின் கூட்டுத்தொகை. இவ்வகை ரவுட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் வேலை செய்கின்றன. ஏசி1200 என்றால் ஒன்றில் 300, மற்றொன்றில் 867. இரண்டையும் கூட்டி, வந்த தொகையையும் மேலே முழுமையாக்கி 1200 என்கிறார்கள். ஏஎக்ஸ்1500 என்பது 300ம் 1201ம். ஏஎக்ஸ்3000 என்பது 574ம் 2402ம். நம் கையில் உள்ள செல்போன் இந்த ரவுட்டர்களோடு ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசையில்தான் இணையும். ஆகவே முகப்பில் உள்ள கூட்டுத்தொகை எந்த ஒரு போனுக்கும் போய்ச் சேராது. சேரும் பங்கிலும் காற்றிலேயே ஒரு பகுதி கழிந்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் ஏறக்குறைய பாதியோ, கொஞ்சம் கூடுதலோதான் பயனுக்கு வரும். மிளகாய் வற்றலுக்குக் காய்ச்சல் கழிவு கணக்கிடத் தெரிந்த நமக்கு இது விளங்காத சங்கதி அல்ல.

பெட்டியின் பக்கவாட்டில் இரண்டு எண்களையும் பிரித்துப் போட்டிருக்கிறார்களே என்று சிலர் கேட்கலாம். போட்டிருப்பது உண்மைதான், பொடி எழுத்தில். வேடிக்கை என்னவென்றால், நம்மைக் கட்டுப்படுத்தும் அதே பொட்டல விதிகளின்படி அந்தப் பெட்டியிலும் நிகர அளவு அச்சிடப்பட்டிருக்கும். "நிகர அளவு: 1" என்று இருக்கும். ஒரு பெட்டிக்குள் ஒரு ரவுட்டர் இருக்கிறது என்பதற்குச் சட்டம் உத்தரவாதம் தருகிறது!

சரி, இதனால் நமக்கு என்ன நட்டம்? நம்மில் பலருக்குக் கடையும் வீடும் ஒரே கட்டடம். முன்னால் கடை, நடுவில் சரக்கறை, பின்னாலோ மாடியிலோ குடும்பம். 2016இல் யு.பி.ஐ. வந்த பிறகு கல்லாப்பெட்டியின் பாதி செல்போனுக்குள் போய்விட்டது. பில் போடும் கணினி, இ-வே பில், கண்காணிப்புக் கேமரா, மாடியில் பிள்ளைகளின் படிப்பு எல்லாமே ஒரே இணைப்பில் தொங்குகின்றன. மாலை ஏழு மணிக் கூட்டத்தில் பணம் வந்ததா இல்லையா என்று தெரியாமல் ஐந்து பேர் நின்றால், ஆறாவது ஆள் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அந்த எரிச்சலில்தான் நம் வணிகர்கள் மறுநாளே போய் இன்னும் பெரிய எண் போட்ட பெட்டியை வாங்குகிறார்கள். குறை பெரும்பாலும் எண்ணில் இருப்பதில்லை.

முதலில் வரவைப் பாருங்கள். நமக்கு வரும் ஃபைபர் இணைப்பு விநாடிக்கு 100 மெகாபிட் என்றால், 3000 என்று எழுதிய ரவுட்டர் அதை 101 ஆக்காது. அடுத்து, வாங்கும் கை. குறைந்த விலைப் போன்கள் பலவற்றில் வைஃபைக்கு ஒரே ஆன்டெனாதான். வைஃபை 5 வகையில் அது 433 மெகாபிட்டுக்கு மேல் பேசாது. லாரி நிறைய சரக்கு வந்தாலும் இறக்க நிற்பது ஒரு மூன்று சக்கர சைக்கிள் என்றால் லாரி வாடகை யாருக்கு லாபம்?

இதைவிடப் பெரிய ஓட்டை ரவுட்டரின் முதுகில் இருக்கிறது. ஏசி1200 வகையில் விலை குறைந்த சிலவற்றில், கம்பி செருகும் துளைகள் 100 மெகாபிட் மட்டுமே தாங்கும். காற்றில் 867 என்று எழுதியிருந்தாலும் வாசல் 100தான். 200 மெகாபிட் திட்டத்துக்கு மாதா மாதம் பணம் கட்டிவிட்டு, இப்படிப்பட்ட ரவுட்டரை வைத்திருப்பவர் ஒவ்வொரு மாதமும் பாதிச் சரக்கை வாசலிலேயே விட்டுவிடுகிறார். வாங்கும்போது "எல்லாத் துளையும் கிகாபிட்டா?" என்று கேளுங்கள். முகப்பு எண்ணைவிட இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் முக்கியம்.

இனி, அலை எவ்வளவு தூரம் போகும் என்பது. இதில் மளிகைக்கடைக்காரரின் நிலைமை தனி. வைஃபை பற்றிப் பேசுகிறவர்கள் சுவரைப் பற்றித்தான் சொல்வார்கள். நம் சரக்கறையைப் பார்த்திருக்க மாட்டார்கள். தகர எண்ணெய் டின் அடுக்கும், இரும்பு அலமாரியும், இரும்பு ஷட்டரும், குளிர்பதனப் பெட்டியும் அலையைத் தடுத்துத் திருப்பிவிடும். தண்ணீர் அலையை உறிஞ்சிக்கொள்ளும். அரிசி மூட்டையிலும் ஈரப்பதம் உண்டு. கூரை வரை சிப்பம் அடுக்கிவிட்டால் அது ஒரு சுவர்தான். பண்டிகைக்குச் சரக்கு ஏற்றியதும் பின்கட்டில் சிக்னல் படுத்துவிடுவதும், சரக்கு இறங்கியதும் தானே எழுந்துகொள்வதும் இதனால்தான். மெக்கானிக்கைக் கூப்பிட்டு இருநூறு ரூபாய் கொடுப்பதற்குமுன் மூட்டைகளைப் பாருங்கள்.

5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. ஆனால் சுவருக்கும் கான்கிரீட் தளத்துக்கும் சீக்கிரம் தோற்றுவிடும். 2.4 மெதுவானது, கொஞ்சம் கூடுதலாக ஊடுருவும். அக்கம்பக்கத்துக் கடைகள் எல்லாம் அதில் நெருக்கியடிப்பதால் கடைவீதியில் அது திணறும். விலை குறைந்த கேமராக்களில் பல 2.4இல் மட்டுமே வேலை செய்யும். ஆகவே இரண்டும் நமக்கு வேண்டும். ஃபைபர்காரர் வந்து வசதிப்பட்ட மூலையில், மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில், ஷட்டருக்குப் பின்னால் பெட்டியை மாட்டிவிட்டுப் போவார். அவருக்குக் கம்பி மிச்சம். நமக்கு ஆயுளுக்கும் தொல்லை. அன்றே நின்று, ஆள் உயரத்துக்கு மேலே, திறந்த இடத்தில், கடைக்கும் வீட்டுக்கும் நடுவே வைக்கச் சொல்லுங்கள். செலவில்லாத மருந்து அதுதான்.

நாலு கொம்பு, ஆறு கொம்பு என்று ஆன்டெனாக்களை எண்ணி வாங்குவதும் நடக்கிறது. ரவுட்டர் எவ்வளவு சக்தியில் அலை பரப்பலாம் என்பதற்கு அரசு வரம்பு வைத்திருக்கிறது. கொம்பு கூடினால் அந்த வரம்பு கூடாது. அப்படியே இந்தப் பக்கம் ரவுட்டர் உரக்கக் கத்தினாலும், அந்தப் பக்கம் போனின் குரல் மெலிந்துதானே இருக்கிறது.

எமது கருத்தைத் திட்டமாகச் சொல்லிவிடுகிறோம். 100 முதல் 300 மெகாபிட் வரை இணைப்பு வைத்திருக்கும் வணிகக் குடும்பத்துக்கு, சுமார் 2,000 முதல் 5,000 ரூபாய்க்குள் கிடைக்கும் நடுத்தர ரவுட்டரே போதும். வைஃபை 6, இரண்டு அலைவரிசை, எல்லாத் துளையும் கிகாபிட், இவை இருந்தால் ஏஎக்ஸ்1500 வகையே வேலை செய்யும். கடையும் வீடும் நீளமாக இருந்தாலோ, மாடி இருந்தாலோ பத்தாயிரம் ரூபாயில் ஒன்று வாங்காமல், சேர்ந்து இயங்கக்கூடிய நடுத்தர ரவுட்டர் இரண்டை வாங்கி, இடையில் லேன் கம்பி இழுத்து இணைப்பதே புத்திசாலித்தனம். கம்பியில்லாமல் அலையை வாங்கித் திருப்பி வீசும் சாதாரண ரிப்பீட்டர் விலை மலிவுதான், வேகத்தில் பாதியைக் கூலியாக எடுத்துக்கொள்ளும். கம்பியிலும் கலப்படம் உண்டு. அலுமினியத்தின்மேல் செம்பு பூசியதைச் செம்பென்று விற்கிறார்கள். நுனியைச் சுரண்டிப் பார்த்தால் வெள்ளை தெரியும்.

வாடிக்கையாளர் கேட்டால் வைஃபை கொடுப்பது நம் ஊர் மரியாதை. கொடுங்கள், ஆனால் பில் போடும் கணினி இருக்கும் இணைப்பின் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். விருந்தினருக்கென்று தனி இணைப்பு வைக்கும் வசதி நடுத்தர ரவுட்டர்களிலேயே இருக்கிறது. மற்றொன்று: கடைக்காக வாங்கும் ரவுட்டருக்குக் கடையின் ஜி.எஸ்.டி. எண்ணைப் போட்டுப் பில் கேளுங்கள். 18 சதவீத வரியை உள்ளீட்டு வரவாக எடுக்கலாம். வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்றால் எடுக்கக் கூடாது. இணக்க வரித் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது.

நமது சங்கத்துக்கும் இதில் வேலை இருக்கிறது. பருப்புக்கு நிகர எடை கேட்கும் அரசு, ரவுட்டருக்கும் கேட்கட்டும். கூட்டுத்தொகையை முகப்பில் போட விரும்பினால் போடட்டும். அதே அளவு எழுத்தில் ஒவ்வொரு அலைவரிசையின் வேகத்தையும், துளையின் வேகத்தையும் முகப்பிலேயே போட வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறைக்குச் சங்கத்தின் சார்பில் கோரிக்கை அனுப்ப வேண்டும். தராசில் முத்திரை இல்லாவிட்டால் அபராதம் கட்டுகிற நமக்கு இதைக் கேட்கும் உரிமை நிச்சயம் உண்டு. அது வரும்வரை, நம் சங்கத்திலேயே மின்சாதனக் கடை நடத்தும் உறுப்பினர்கள் ஓர் அட்டையில் இந்த மூன்று எண்களையும் எழுதி ஒவ்வொரு ரவுட்டரின் முன்னாலும் வைக்கலாம்.