பருவம் அறிந்த தொண்டு

உதகையில் தொட்டபெட்டாச் சரிவில் 1848-இல் தோன்றிய அரசினர் நிலைத்திணைப் பூங்காவிற்கு, மேத் திங்கள் மலர்க்காட்சியின்போது மக்கள் வெள்ளமெனத் திரள்கின்றனர். தொட்டிகளில் வளர்த்து அடுக்கிய அயல்நாட்டுப் பருவப் பூக்களைக் கண்டு மகிழ்ந்து திரும்புகின்றனர். மகிழ்வது குற்றமன்று. ஆயின், பூங்கா என்பது காட்சிக்கூடம் மட்டுமன்று. மண்ணின் மரஞ்செடிகொடிகளைக் காத்து, அவற்றின் பருவங்களைப் பதிந்து, வழிவழி ஒப்படைக்கும் கல்விக்கூடமுமாகும். அப்பணி கூலியாட்களால் மட்டும் முற்றுப்பெறாது. அறிந்து உழைக்கும் தொண்டரையும் வேண்டி நிற்பது.

தமிழ்நாட்டின் அரசு மலராகிய காந்தளையே எடுத்துக்கொள்க. மழை தொடங்கத் தளிர்த்து, இலைநுனியையே பற்றுக்கம்பியாக்கி ஏறி, தீக்கொழுந்தென மலர்ந்து, பின் கொடி முற்றும் பட்டுப்போகும். கிழங்கோ மண்ணுள் உறங்கும். அறியாதவன் வெறுந்தொட்டியெனக் கொட்டிவிடுவான். அறிந்தவன் அடுத்த மழைவரை காத்திருப்பான். நஞ்சுடைய கிழங்காகலின், அதனைக் கையாளும் முறையும் அவன் அறிவான்.

நீலக்குறிஞ்சியின் நிலை இன்னும் அரிது. 12 ஆண்டுக்கொருமுறை பூக்கும் அது மேற்குமலைத் தொடரில் 2006-இலும் 2018-இலும் பெருமளவில் பூத்தது. அடுத்த பூப்பு 2030-இல். பூத்து விதை உதிர்த்ததும் செடி மாய்ந்துவிடும். அவ்விதை முளைக்கும் நிலத்தைக் களை மூடினால் இழப்பு ஓராண்டினதன்று; பன்னீராண்டினது. 19-ஆம் நூற்றாண்டில் அயலிலிருந்து கொணர்ந்து நட்ட சீகை மரங்கள் நீலமலைப் புல்வெளிகளுள் பெரும்பகுதியை விழுங்கியது கண்கூடு.

பெயர் காப்பதும் செடி காப்பதன் ஒரு கூறே. முருங்கைக்கு நிலைத்திணை நூலார் வழங்கும் 'மொரிங்கா' எனும் இலத்தீன் பெயர், முருங்கை எனும் சொல்லினின்று பிறந்ததே. உலகம் கடன்கொண்ட சொல்லை, உடையவர் தம் பூங்காப் பலகையில் எழுத மறப்பது எவ்வகையில் தகும்?

ஆகவே, பூங்காவிற்கு அண்மையில் வாழும் தமிழிளைஞர் கிழமைக்கு அரைநாளேனும் அதற்கென ஒதுக்குதல் வேண்டும். அலுவலரிடம் இசைவு பெற்றுக் களை பறிக்கலாம், விதை திரட்டலாம், நாற்றுக்கு நீர் வார்க்கலாம். கொன்றை எந்நாளில் அரும்பிற்று, கடம்பு எந்நாளில் மலர்ந்தது என ஆண்டுதோறும் குறிப்பேட்டில் பதியலாம். பத்தாண்டுக் குறிப்பு சேர்ந்தால், மழையும் வெயிலும் மாறுவதை அப்பூக்களே காட்டிக்கொடுக்கும். தமிழ்ப்பெயர் இல்லாப் பலகைக்கு, ஆய்ந்து தெளிந்த பெயரை எழுதித் தரலாம்.

2030-இல் குறிஞ்சியைக் காண வருவோர் பல்லாயிரவராயிருப்பர். அது பூக்கும்வரை காத்த கைகளுள் தமிழிளைஞர் கைகளும் இருத்தல் வேண்டும். அதற்கான உழைப்பு இன்றே தொடங்கற்பாலது.