அளக்கப்படாத உயரம்

ஜிப்ஸியையும் தாரையும் பாறை ஏற்றத்திற்கு ஏற்ப மாற்றியமைப்போரிடையே ஒரு மூடநம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. வண்டி எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவு பாறை ஏறும் என்பதே அது. இரண்டு அங்குலம், மூன்று அங்குலம், நான்கு அங்குலம் என்று துணிக்கடையில் முழம் போட்டுக் கிழிப்பதுபோல் சஸ்பென்ஷன் விற்கப்படுகிறது. வாங்குபவர் விலையைக் கேட்கிறார், நிறத்தைக் கேட்கிறார், எத்தனை நாளில் வேலை முடியும் என்று கேட்கிறார். அச்சு எவ்வளவு மடங்கும் என்று கேட்பவர் அரிது. கேட்டாலும் பதில் சொல்லக்கூடிய விற்பனையாளர் அதனினும் அரிது.

பாறை ஏற்றம் வேகப் பந்தயம் அன்று. ஆள் நடக்கும் வேகத்தினும் குறைவாக, லோ ரேஞ்ச் முதல் கியரில், ஒவ்வொரு சக்கரமாகக் கல்லில் ஊன்றி நகர்வது. அங்கே முதல் விதி, சக்கரம் கல்லை விட்டு எழக்கூடாது என்பது. சாதாரண டிஃபரன்ஷியல் பூட்டிய அச்சில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால், அது வெறுங்காற்றில் சுழன்றுகொண்டிருக்கும். தரையில் ஊன்றிய சக்கரம் அசையாது. லாக்கர் இருந்தால் வண்டி நகரலாம். ஆனால் மூன்று காலில் நிற்கும் வண்டியின் சமநிலையை லாக்கர் காப்பாற்றாது. ஆகவே, ஒரு புறச் சக்கரம் மேலே ஏறும்போது மறுபுறச் சக்கரம் கீழே எவ்வளவு இறங்குகிறது என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி. இதை அளக்க ஒரு முறையும் உண்டு. 20 டிகிரிச் சாய்தளத்தில் ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஏற்ற வேண்டும். மற்றொரு சக்கரம் தரையை விட்டு எழும் தருணம்வரை வண்டி சாய்தளத்தில் எவ்வளவு தூரம் ஏறியதோ, அதைச் சக்கர இடைத்தூரத்தால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் ஓர் எண் கிடைக்கும். விளம்பரங்களில் அங்குலம் கொட்டை எழுத்தில் இருக்கும். இந்த எண்ணைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

உயர்த்துவதாலேயே மடங்கும் திறன் குறைந்துபோவது எப்படி என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். அச்சின் மேல் தனித்து நிற்கும் சுருள்வில்லுக்கு மேல் 50 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு வட்டைச் செருகுகிறார்கள். வண்டி உயர்ந்துவிட்டது. ஆனால் ஷாக் அப்சார்பர் பழையது. அதன் முழு நீளம் மாறவில்லை. நின்ற நிலையிலிருந்து முன்பு 100 மில்லிமீட்டர் கீழே இறங்கக்கூடிய சக்கரம் இப்போது ஏறத்தாழ 50 மில்லிமீட்டரோடு நின்றுவிடும். காசு கொடுத்துச் சக்கரத்தின் இறக்கத்தில் பாதியை விற்றுவிட்டு, அதற்கு மேம்பாடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

லீஃப் ஸ்பிரிங் வண்டிகளில் கதை வேறு, முடிவு அதே. 1985 இறுதியில் வந்த ஜிப்ஸிக்கு நான்கு மூலையிலும் பட்டைதான். பட்டையோடு இன்னொரு பட்டையைக் கூட்டி அடுக்கினால் வண்டி எழும்பும், கூடவே விறைக்கும். விறைத்த பட்டை வளையாது. பட்டை வளையாவிட்டால் அச்சு மடங்காது. அச்சு மடங்காவிட்டால் சக்கரம் கல்லை விட்டு எழும். ஷாக்கிளை நீட்டுவது இன்னும் மலிவான வழி. இரண்டு அங்குலம் நீட்டினால் அச்சுக்கு மேல் ஓர் அங்குலம் கிடைக்கும். அந்த ஓர் அங்குலத்திற்காக முன் அச்சு சற்றே சுழன்று காஸ்டர் கோணம் மாறுகிறது. கோணம் குறையும் பக்கமாகச் சுழன்றுவிட்டால் வளைவிலிருந்து ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பத் தயங்கும். மலையில் அரை மணி நேரம் பாறை ஏறும் வண்டி, அந்த மலையை அடைவதற்கு நெடுஞ்சாலையில் ஐந்து மணி நேரம் ஓடுகிறது என்பதை யாரும் கணக்கில் கொள்வதில்லை.

அச்சுக்கு அடியில் கிடக்கும் பட்டையை அச்சுக்கு மேலே மாற்றிப் பூட்டுவது இவற்றையெல்லாம்விட மேலான வழி என்பதில் ஐயமில்லை. பட்டை விறைக்காமலே வண்டி உயரும். ஆயினும் அதற்குரிய கடன்களைத் தீர்க்காமல் பாதியில் விடுவதே பெரும்பான்மை வழக்கம். ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்திற்குப் போகும் டிராக் லிங்க் செங்குத்தாகச் சாய்ந்துவிடும். குழியில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் ஓட்டுநர் தொடாமலே ஸ்டீயரிங் திரும்பும். கியரின் விசையில் அச்சு தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும்; பட்டை எஸ் வடிவில் நெளியும்; புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் மூட்டு உடையும். பிரேக் ஹோஸ் பழைய நீளத்திலேயே இருந்தால், சக்கரம் முழுதாக இறங்கும் அந்த ஒரு கணத்தில் அது கம்பிபோல் இறுகும். அது அறுவது பாறையின் உச்சியில்தான் அறும். வீட்டு வாசலில் அறாது.

இத்தனைக்கும் பிறகு, உயர்த்தப்பட்ட வண்டியின் மிகத் தாழ்ந்த பகுதி எது? அச்சின் நடுவிலிருக்கும் டிஃபரன்ஷியல் குடம். பட்டையை மாற்றினாலும் சுருளை மாற்றினாலும் அது ஒரு மயிரிழைகூட உயராது. சக்கரத்தின் விட்டம் கூடினால் மட்டுமே, கூடியதில் பாதி அளவு, உயரும். உயர்ந்ததெல்லாம் சேஸிஸ், பாடி, ஓட்டுநர் இருக்கை. அதாவது எடை.

அந்த எடையின் விலையையும் பார்க்கலாம். இரு சக்கரங்களுக்கிடையே 1300 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 650 மில்லிமீட்டரில் இருப்பதாகக் கொண்டால், ஏட்டுக் கணக்கில் அது 45 டிகிரிவரை பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும். மையத்தை 100 மில்லிமீட்டர் உயர்த்தினால் அந்தக் கோணம் 41 டிகிரிக்குக் கீழே வந்துவிடும். சாய்வில் ஸ்பிரிங் அமுங்குவதையும் மேலே கட்டிய லக்கேஜ் கேரியரையும் இதில் சேர்க்கவில்லை. நான்கு டிகிரி என்பது தாளில் சிறியது. பக்கவாட்டில் சரிந்த பாறையில், ஒரு பக்கம் பள்ளத்தாக்கு இருக்கும்போது, வீடு திரும்புவதற்கும் திரும்பாமைக்கும் இடையிலுள்ள தூரம் அது.

இந்த மோகத்தின் ஊற்று எங்கிருக்கிறது என்பது தெரிந்ததே. கலிஃபோர்னியாவின் ஜான்சன் பள்ளத்தாக்கில் 2007 முதல் நடக்கும் கிங் ஆஃப் தி ஹேமர்ஸ் போட்டியின் காணொளிகளைப் பார்த்து, அங்கே ஓடும் குழாய்ச் சட்டக வண்டிகளின் நான்கு-லிங்க் அமைப்பை 2375 மில்லிமீட்டர் சக்கர இடைத்தூரமுள்ள ஜிப்ஸியில் படம் பார்த்துப் பற்றவைக்கிறார்கள். பாலைவனத்தில் பறக்கவும் பாறையில் ஊரவும் ஒருசேரச் செய்யப்பட்ட வண்டிகள் அவை. மேல் லிங்குக்கும் கீழ் லிங்குக்கும் அச்சில் எவ்வளவு இடைவெளி, அவை முன்னோக்கி எந்தப் புள்ளியில் கூடும், விசை கொடுக்கும்போது பின்புறம் குந்துமா எழும்புமா என்பவையெல்லாம் அந்தந்த வண்டியின் நீளம், எடை, டயர் ஆகியவற்றால் முடிவாகின்றன. இவற்றைக் கணக்கிடாமல் லிங்கை மட்டும் நகலெடுப்பது, இன்னொருவருடைய மூக்குக்கண்ணாடியை அதன் சட்டம் அழகாயிருக்கிறதென்று வாங்கி மாட்டிக்கொள்வதற்கு ஒப்பாகும். லிங்குக்குத் தண்ணீர்க் குழாயைப் பயன்படுத்துவோரைப் பற்றி இங்கே பேசாமல் விடுவதே நாகரிகம்.

இனி, சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்திற்கும் ரூ. 5,000 அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ இரண்டுமோ என்று விதித்தது. நோக்கத்தில் பழுதில்லை. பழுது, பார்வையில் இருக்கிறது. பதிவுச் சான்றில் சக்கர இடைத்தூரம் இருக்கும், எடை இருக்கும். காஸ்டர் கோணம் இருக்காது, ஸ்பிரிங்கின் விறைப்பு இருக்காது. சாலையில் நிறுத்திச் சோதிப்பவர் கண்ணுக்குப் பெரிய டயர் தெரியும், பம்பர் தெரியும். பிரேக் ஹோஸ் எத்தனை அங்குலம் குறைகிறது என்பது தெரியாது. எல்லா மாற்றமும் குற்றமென்றால், அளந்து செய்தவனும் அளக்காமல் செய்தவனும் ஒரே தட்டில் நிற்கிறார்கள். அளந்தவனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அளந்ததை எழுதி வைத்தால் அதுவே அவனுக்கு எதிரான சாட்சியம்.

முழுத் தடையே பாதுகாப்பு என்று வாதிடுவோர் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். இதே நாட்டில், பெட்ரோலில் ஓடிய காருக்குப் பின்னால் உயரழுத்தச் சி.என்.ஜி. சிலிண்டரைப் பொருத்துவது சட்டப்படி நடக்கிறது. கிட்டைச் சோதித்து ஒப்புதல் வழங்குகிறார்கள். பதிவுச் சான்றிலும் அது ஏறுகிறது. சிலிண்டரைச் சோதிக்கத் தெரிந்த அரசுக்குச் சுருள்வில்லைச் சோதிக்கத் தெரியாதா? புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ. இருக்கிறது, மானேசரில் ஐ-கேட் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மாற்றங்களுக்கென்றே வி.எஸ்.பி. 14 என்ற தேசிய நெறித்தொகுப்பு உண்டு. வரம்புக்கு மேல் உயர்த்தினால் பொறியாளர் சான்று வேண்டும். வண்டியை உயர்த்துவது அங்கே உரிமையும் அன்று, பாவமும் அன்று. கணக்குக் காட்டிச் செய்ய வேண்டிய வேலை.

மறுபுறம், சட்டத்தைத் திட்டும் ஆர்வலர்களுக்கும் தப்பிக்க வழியில்லை. எங்கள் வண்டி, எங்கள் பணம், எங்கள் உயிர் என்கிறார்கள். நெடுஞ்சாலையில் எதிரே வருபவரின் உயிர் அந்தப் பட்டியலில் இல்லை. அனுமதி கேட்போர் முதலில் காட்ட வேண்டியது தங்கள் வண்டியின் எண்களை. அவை எத்தனை பேரிடம் உள்ளன?

செலவு என்று சொல்வதும் எடுபடாது. நல்ல பட்டறைகள் செய்வது இதுதான்: சுருள்வில்லைக் கழற்றிவிட்டு, அச்சை ஜாக்கியால் ஒரு பக்கம் முழுதாக ஏற்றி, மறுபக்கம் முழுதாகத் தொங்கவிடுவார்கள். ஷாக் அப்சார்பரின் இரு முனைத் தூரத்தையும் நாடாவால் அளப்பார்கள். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை ஒடித்து டயர் எங்கே உரசுகிறதென்று பார்ப்பார்கள். ஷாஃப்ட்டின் ஸ்லிப் ஜாயிண்ட் கழன்றுவிடும் அளவுக்கு வெளியே வருகிறதா, ஹோஸ் இறுகுகிறதா என்று சாக்கட்டியால் குறிப்பார்கள். அதன் பிறகுதான் ஸ்பிரிங்குக்கும் ஷாக் அப்சார்பருக்கும் ஆர்டர் போவது. இதற்கு வேண்டியவை இரண்டு ஜாக்கி, ஓர் அளவுநாடா, அரை நாள்.