கோடையில் என்ன படிக்கின்றீர்?

கோடை விடுமுறை பிறந்தவுடன் அன்பர் பலர் எனக்கு மடல் எழுதுகின்றனர். இன்ன சொல் தென்சொல்லா வடசொல்லா, இன்ன அயற்சொல்லுக்கு நேர் தமிழ்ச்சொல் யாது என்று வினவுகின்றனர். "இவ்விடுமுறையில் யான் இன்ன நூலைப் படிக்கின்றேன், நீவிர் என்ன படிக்கின்றீர்?" என்று கேட்டு வந்த மடல் ஒன்றேனும் இல்லை. சொல்லைக் காக்க முனைந்த நாம், சொல் வாழும் இடமாகிய நூல்களை மறந்துவிட்டோமோ என்னும் ஐயம் ஆண்டுதோறும் வலுக்கின்றது. எனவே, எவரும் கேளாமலே சொல்லத் துணிந்தேன்.

இக்கோடையில் என் கைக்கெட்டும் இடத்தில் இருப்பவை இரண்டு நூல்கள். ஒன்று, மறைமலையடிகளின் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரை. மற்றொன்று, உ.வே. சாமிநாதையர் தம் வாழ்க்கையைத் தாமே வரைந்த 'என் சரித்திரம்'. முன்னதைச் சொன்னால் முகம் மலர்வீர். பின்னதைச் சொன்னால் உங்களுட் சிலர் முகம் சுளிப்பீர். ஊக்கமிக்க இளைஞர் ஒருவர், "தலைப்பிலேயே வடசொல், அதனை யான் தொடேன்" என்றே கூறிவிட்டார். அதனாலேயே பின்னதைப் பற்றி விரித்தெழுதுகின்றேன்.

அந்நூலின் நடை நம் நடையன்று. மகிழ்ச்சி இருக்கச் சந்தோஷம் வருகின்றது. செலவு இருக்கப் பிரயாணம் வருகின்றது. இதனை மறைப்பதற்கில்லை. ஆயின், மேடைதோறும் நாம் உயர்த்திப் பிடிக்கும் புறநானூற்றை 1894-இல் அச்சேற்றியவர் யார்? சிலப்பதிகாரத்தைப் பழைய உரைகளுடன் 1892-இல் தந்தவர் யார்? அவர் தந்த நூல்களால் வளர்ந்துவிட்டு, அவர் கதையைத் தொடேன் என்பது, கிணற்று நீரைக் குடித்துவிட்டுத் தோண்டியவன் பேச்சு கொச்சை என்று குறைகூறுவது போலாம். (அவர் ஒருவரே அனைத்தையும் மீட்டார் என்பாரும் உளர், அதுவும் பிழையே. யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரனார் 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடும், 1887-இல் கலித்தொகையையும் வெளியிட்டுவிட்டார். அது நிற்க.)

யான் மும்முறை திரும்பப் படித்த பகுதி ஒன்றுண்டு. 1880-ஆம் ஆண்டு. ஐயர்க்கு அகவை இருபத்தைந்து. பெரும்புலவர் மீனாட்சிசுந்தரனாரிடம் ஆண்டுக்கணக்கிற் பாடங்கேட்டவர். அவ்வாண்டே குடந்தைக் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தவர். முறைமன்ற நடுவராக அவ்வூர்க்கு மாறிவந்த சேலம் இராமசாமி முதலியாரை, அக்தோபர் 21-ஆம் நாள் காணச் செல்கின்றார். என்ன படித்திருக்கின்றீர் என்று முதலியார் வினவுகின்றார். ஐயர் அந்தாதிகளை அடுக்குகின்றார். பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் எனப் பட்டியல் நீள்கின்றது. முதலியாரிடம் வியப்பின் சுவடே இல்லை. இவற்றால் ஆவதென்ன என்பது போலக் கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை உண்டா, சிலப்பதிகாரம் உண்டா என்கின்றார். இல்லை. ஐயர் மட்டுமல்லர், அவர்தம் ஆசிரியரும் படித்ததில்லை.

இங்கே நூலை மூடிவைத்து எண்ணிப் பாருங்கள். தமிழகத்தின் தலைசிறந்த புலவரிடம் பயின்றவர் சிலம்பைப் படித்திலர். சிலம்பு அழிந்தொழியவில்லை, ஏட்டிற் கிடந்தது. படித்தீரா என்று கேட்பார்தாம் இல்லை. கேட்ட ஒருவர், சிந்தாமணியின் கைப்படி ஒன்றையும் கொடுத்தார். ஏழாண்டு உழைப்பிற்குப் பின் 1887-இல் அந்நூல் அச்சில் வந்தது.

அவ்வுழைப்பின் இடையே சமண நெறிச் சொற்கள் விளங்காமையின், சிவநெறி மடத்திற் பயின்ற ஐயர் குடந்தைச் சமணர் இல்லம் தேடிச் செல்கின்றார். சென்ற நாளில் வாயிலிற் கோலம், தோரணம். மணவிழாவோ எனில், அன்று. பல திங்களாகக் கூடியிருந்து படித்துவந்த சிந்தாமணி அன்று நிறைவெய்தியது, அதற்கே அவ்வொப்பனை! புலவர் அவைகள் கைவிட்ட காப்பியத்தை ஒரு குடியினர் தம் வீட்டுக்குள் வைத்து வாழ்வித்திருக்கின்றனர்.

ஒரு நூலைப் படித்து முடித்ததற்காகத் தோரணங் கட்டிய வீடு இன்று நம்முள் எத்தனை? நம் மன்றங்களிற் கூட்டம் உண்டு, முழக்கம் உண்டு, கூடிப் படித்தல்தான் இல்லை. கடைப்பலகையில் உள்ள அயற்சொற்களை எண்ணிக் காட்டும் மாணவர்க்கு, ஐங்குறுநூற்றில் ஒரு பத்தைப் பிழையின்றிப் படிக்க நா எழவில்லை. பத்து அடிகளைப் பிய்த்தெடுத்துத் தேர்வுக்கென்று ஊட்டும் பாடத்திட்டத்திற்கு இதிற் பெரும்பங்கு உண்டு. புதுச்சொல் ஆக்கத்தில் வேட்கை மிக்கோர், ஐயர் பதிப்புகளின் இறுதியிலுள்ள அருஞ்சொல் அகரமுதலியை ஒருமுறை புரட்டுவாராக. ஆக்கவேண்டிய சொற்களுட் பல அங்கே ஆக்கப்பட்டே கிடக்கின்றன.

இனி முல்லைப்பாட்டு. நப்பூதனார் பாடிய 103 அடி. பத்துப்பாட்டுள் மிகச் சிறியது. பாட்டைக் காலைப்பொழுது ஒன்றிற் படித்துவிடலாம். அடிகளாரின் ஆராய்ச்சிக்கு ஒரு கிழமையேனும் வேண்டும். அவர் வேதாசலம் என்னும் பெயருடன் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது, 1903-இல் வெளிவந்தது அது. அடிகளை முன்பின்னாக மாற்றிக் கூட்டி நச்சினார்க்கினியர் பொருள் கொண்டதை மறுத்து, பாட்டைக் கிடந்தபடியே படித்துச் சுவைக்கக் கற்பிக்கின்றார். பழைய உரையாசிரியரை மதித்துக்கொண்டே மறுப்பது எவ்வாறு என்பதை அங்கே கற்கலாம்.

பாட்டினுள்ளும் நமக்கு வேண்டுவன உள. பாசறையில் நீரைக் கொண்டு பொழுதளக்கும் கலத்திற்குக் 'கன்னல்' என்று பெயர். யானைக்குத் தழையூட்டும் இளைஞர், வடமொழிச் சொற்களைப் பலகாற் சொல்லி அதனை உண்பிக்கின்றனர். வடமொழி யானைப்பேச்சாக நின்ற அக்காட்சி நம்மவர்க்கு நகைப்பூட்டும், நகைத்துக் கொள்ளுங்கள். ஆயின், யவனரும் மிலேச்சரும் அதே பாசறையிற் காவல் நிற்கின்றனர். அயலாரை அயலார் என்றே தெளிந்து, அவர்க்குத் தன் பாட்டிற் பணியும் இடமும் தந்த மொழி இது. அஞ்சி ஒதுங்கிய மொழியன்று. தலைப்பைக் கண்டே நூலை ஒதுக்கும் இளைஞர்க்கு இதற்கு மேல் யான் என்ன சொல்ல!

'என் சரித்திரம்' முற்றுப்பெறவில்லை. 1940-இல் ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கிய ஐயர் 1942-இல் மறைந்தார்; ஆதலின் அவர்தம் சென்னைக் கல்லூரி வாழ்க்கை அதில் வரவேயில்லை. பேரிழப்பே. அதனை முடித்தபின் பாவாணரின் 'ஒப்பியன் மொழிநூலை' மீண்டும் எடுக்க எண்ணியுள்ளேன்.

உங்கள் கையிலுள்ள நூல் யாது? அதன் பெயர், எப்பக்கத்தில் நிற்கின்றீர் என்பது, அதிற் புதிதாகக் கண்ட சொல் ஒன்று. இம்மூன்றையும் அஞ்சலட்டையில் எழுதி விடுங்கள். யான் சொன்ன நூலைப் படித்துவிட்டு மறுத்தெழுதினாலும் மகிழ்வேன். ஆடவை (ஆனி) இதழில் அதற்கென ஒரு பக்கம் ஒதுக்கித் தருமாறு ஆசிரியரைக் கேட்டிருக்கின்றேன்.