ஆற்றின் மேல் ஒரு அரண்மனை... பத்திரம் யார் பெயரில்?

வாசலில் நின்று பார்த்தால் இடது பக்கம் ஒரு தோட்டம், வலது பக்கம் ஒரு தோட்டம். இடது பக்கத் தோட்டத்தைப் போட்டவர் ராஜாவின் காதலி. வலது பக்கத் தோட்டம் ராஜாவின் மனைவியுடையது. அந்த ராஜா இறந்து 460 வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. இரண்டு பெண்களும் போய்ச் சேர்ந்தாயிற்று. ஆனாலும் தோட்டங்கள் இன்றும் அவரவர் பெயரில்தான் இருக்கின்றன. நடுவில், ஆற்றுத் தண்ணீரில் கால் நனைத்தபடி நிற்கிறது ஷெனோன்சோ அரண்மனை.

பிரான்ஸ் என்றால் ஈஃபிள் டவர், அடுத்து வெர்சாய் அரண்மனை என்றுதான் நம் ஊர் டூர் பேக்கேஜ்கள் சொல்லும். ஆனால் 15, 16-ம் நூற்றாண்டுகளில் பிரெஞ்சு ராஜாக்கள் அதிகம் தங்கியது லுவார் நதிப் பள்ளத்தாக்கில். அங்கே இருந்தவை முதலில் போருக்கான கோட்டைகள். பீரங்கி வந்த பிறகு தடித்த சுவரால் பெரிய பயன் இல்லை. அதோடு, இத்தாலியில் சண்டை போடப் போன ராஜாக்கள் அந்த ஊர் மாளிகைகளைப் பார்த்து மயங்கித் திரும்பினார்கள். அம்பு விடுவதற்கான சந்துகள் பெரிய ஜன்னல்களாயின. அகழிகள் அலங்காரத்துக்கு என்றாகின.

அப்படி எழுந்தவற்றில் பிரமாண்டம் ஷம்போர். 400-க்கும் மேற்பட்ட அறைகள், 280-க்கும் மேற்பட்ட கணப்பு அடுப்புகள். ஆசை ஆசையாகக் கட்டிய முதலாம் பிரான்சுவா மன்னர் தன் ஆட்சிக்காலம் முழுவதிலும் அங்கே தங்கிய நாட்களைக் கூட்டினால் எழுபது சொச்சம்தான்! ஷெனோன்சோ அதன் பக்கத்தில் சின்ன வீடு மாதிரி. (அந்த அர்த்தத்திலும்தான், கொஞ்சம் பொறுங்கள்.) ஆனால் கதை என்று வந்துவிட்டால் ஷம்போர் கிட்டவே வர முடியாது.

கணக்கில் விழுந்த ஓட்டை

லுவாரின் கிளை நதி ஷெர். அதில் ஒரு மாவு அரைக்கும் ஆலையும், கரையில் ஒரு பழைய கோட்டையும் இருந்தன. அரசாங்க நிதி அதிகாரியான தோமா போயே 1513-ல் இரண்டையும் வாங்கினார். ஒரே ஒரு கோபுரத்தை விட்டுவிட்டுக் கோட்டையை இடித்தார். தண்ணீருக்குள் இருந்த ஆலையின் அஸ்திவாரத்தின் மேலேயே புது மாளிகை எழுந்தது. ஆனால் போயே பாதி நாள் இத்தாலிப் போர்களில் இருந்தார். மேஸ்திரிகளோடு மல்லுக்கட்டி வேலை வாங்கியவர் அவர் மனைவி கேத்தரின் பிரிசோனே.

அந்தக் காலத்துக் கோட்டைகளில் படிக்கட்டு என்றால் கோபுரத்துக்குள் சுற்றிச் சுற்றி ஏறுவதுதான். இங்கே நேராக ஏறி, திரும்பி, மறுபடி நேராக ஏறும் படிக்கட்டு வந்தது. பிரான்ஸில் அந்த மாதிரி முதலில் வந்த சிலவற்றில் இதுவும் ஒன்று. ஒவ்வொரு தளத்திலும் நடுவில் ஒரு கூடம், அதிலிருந்து நான்கு பக்கமும் அறைகள். வீட்டில் நாள் முழுக்க நடமாடுகிறவர் யோசித்த வீடு என்பது பார்த்தவுடன் தெரிகிறது.

பாவம், அதிகம் அனுபவிக்கவில்லை. 1524-ல் கணவர் இறந்தார். 1526-ல் பிரிசோனே இறந்தார். போயே பார்த்த அரசாங்கக் கணக்கில் பெரிய தொகை இடித்தது. கடனுக்கு ஈடாக மகன் 1535-ல் வீட்டை ராஜாவிடம் ஒப்படைத்துவிட்டார்.

ராஜாவின் டியான், ராணியின் பொறுமை

1547-ல் இரண்டாம் ஹென்றி பட்டத்துக்கு வந்தார். வந்த வேகத்தில் ஷெனோன்சோவைத் தூக்கித் தன் காதலி டியான் டி புவாட்டியேவுக்குக் கொடுத்தார். டியான் அவரைவிட சுமார் இருபது வயது மூத்தவர், கணவரை இழந்தவர். கறுப்பு வெள்ளை தவிர வேறு நிறம் உடுத்துவது அபூர்வம். அதிகாலையில் எழுவது, குளிர்ந்த நீரில் குளிப்பது, குதிரை ஏறிச் சுற்றுவது என்று உடம்பைக் கண்ணாய்க் காப்பாற்றியவர். இளமைக்காகத் தங்கம் கலந்த பானம் குடித்தார் என்றும் ஒரு பேச்சு உண்டு. அவருடைய எச்சங்களை ஆராய்ந்த பிரெஞ்சு விஞ்ஞானிகள் தலைமுடியில் அளவுக்கு மீறிய தங்கம் இருந்ததாக 2009-ல் வெளியிட்டார்கள். அழகு சாதனமே விஷமாகியிருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு.

மறுபக்கம் பட்டத்து ராணி கேத்தரின் டி மெடிசி. இத்தாலியிலிருந்து 14 வயதில் கல்யாணமாகி வந்தவர். பத்து வருடங்கள் குழந்தை இல்லை. 'திருப்பி அனுப்பிவிடலாமா' என்று அரண்மனையில் பேச்சு அடிபட்ட காலம் அது. பிறகு பத்துப் பிள்ளைகள் பிறந்தார்கள். அந்தக் குழந்தைகளின் வளர்ப்பைக்கூட மேற்பார்வை பார்த்தவர் சக்களத்தி டியான்தான். கேத்தரின் வாயே திறக்கவில்லை. ராஜா இருக்கும்வரை திறந்து பயனும் இல்லை.

இதெல்லாம் டியானுக்குத் தெரியாதா? அதனால்தான் அவர் நகைகளை நம்பவில்லை, பத்திரத்தை நம்பினார். அரச சொத்தை யாருக்கும் தானமாகக் கொடுக்க முடியாது என்பது பிரெஞ்சுச் சட்டம். இந்த ராஜா கொடுத்ததை அடுத்த ராஜா பிடுங்கிவிடலாம். எனவே டியான் வழக்கறிஞர்களை வைத்து ஒரு சுற்று வழி பிடித்தார். போயே மகன் அரசுக்கு வீட்டைக் கொடுத்ததே செல்லாது என்று ஆக்கி, வீடு மறுபடி அவர் பெயருக்குப் போய், ஏலத்துக்கு வந்து, அந்த ஏலத்தில் டியான் காசு கொடுத்து வாங்கினார். 1555-ல் ஷெனோன்சோ முறைப்படி அவர் பெயருக்கு வந்தது. எட்டு வருட வேலை! அதன் பிறகு கட்டடக் கலைஞர் பிலிபெர் டெலோமை வைத்து மாளிகையிலிருந்து எதிர்க்கரைக்குப் பாலம் போடத் தொடங்கினார்.

1559 ஜூன் 30. மகளின் கல்யாணக் கொண்டாட்டம். குதிரையில் விரைந்து வந்து ஈட்டியால் மோதும் விளையாட்டில் ராஜாவே இறங்கினார். அவர் அணிந்திருந்தது டியானின் கறுப்பு வெள்ளை. எதிரில் வந்த மாண்ட்கோமரியின் ஈட்டி உடைந்து அதன் சில்லு ஹென்றியின் கண் வழியாகத் தலைக்குள் இறங்கியது. பத்து நாட்கள் உயிர் ஊசலாடியது. அந்தப் பத்து நாளும் டியானை அறைப்பக்கமே விடவில்லை கேத்தரின். ஜூலை 10-ல் ராஜா இறந்தார்.

அடுத்து என்ன நடந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? சிறை? தலைவெட்டு? ஒன்றும் இல்லை. கிரீடத்துக்குச் சொந்தமான நகைகளைத் திருப்பி வாங்கினார் கேத்தரின். 'ஷெனோன்சோ எனக்கு, என்னுடைய ஷோமோன் கோட்டை உனக்கு' என்று பரிமாற்றத்துக்குக் கட்டாயப்படுத்தினார். ஷோமோன் ஒன்றும் குடிசை அல்ல. ஆனால் டியான் அங்கே நிலைக்கவில்லை. ஆனே என்ற ஊரில் இருந்த தன் மாளிகைக்கே ஒதுங்கி, 1566-ல் அங்கேயே இறந்தார்.

கேத்தரின் செய்த அடுத்த வேலைதான் ஷெனோன்சோவை ஷெனோன்சோ ஆக்கியது. டியான் கட்டிய பாலத்தை இடிக்கவில்லை. அதன் மேலேயே 60 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 18 ஜன்னல்களோடு நடன மண்டபம் கட்டினார். இன்று போஸ்ட் கார்டுகளில் பார்க்கும் அந்தக் காட்சியில் கீழே இருப்பது காதலி, மேலே இருப்பது மனைவி. தரையில் கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டம் போட்ட கற்கள். போயும் போயும் டியானின் நிறங்கள்! டியானின் அறையில் கணப்பு அடுப்புக்கு மேலே இப்போது தொங்குவது கேத்தரினின் படம். பின்னாளில் யாரோ மாட்டியதுதான். மாட்டியவருக்குக் குசும்பு ஜாஸ்தி.

கேத்தரினின் மூன்று மகன்கள் வரிசையாக ராஜாவானார்கள். அம்மா இங்கே ஒரு சின்னப் பச்சை அறையில் உட்கார்ந்து நாட்டை நடத்தினார். 1589 ஜனவரியில் அவர் இறந்தார். அதே வருடம் ஆகஸ்டில் கடைசி மகன் மூன்றாம் ஹென்றியைத் துறவி ஒருவன் கத்தியால் குத்திக் கொன்றான். மாமியார் ஷெனோன்சோவை எழுதிவைத்திருந்தது மருமகள் லூயிஸ் டி லோரேனுக்கு. குத்துப்பட்ட நிலையிலும் ஹென்றி அவருக்குக் கடிதம் அனுப்பியிருந்தார். தனக்காகப் பிரார்த்தனை செய்யும்படியும், இருக்கும் இடத்தைவிட்டு நகர வேண்டாம் என்றும் அதில் இருந்தது. ராணிகளுக்கு அன்று துக்க நிறம் வெள்ளை. லூயிஸ் வெள்ளை உடுத்தி, கறுப்புச் சுவரில் வெள்ளிக் கண்ணீர்த் துளிகள் வரைந்த அறையில், மாமியார் வைத்துவிட்டுப் போன கடன்காரர்களையும் சமாளித்துக்கொண்டு 1601 வரை வாழ்ந்தார்.

விறகுக் கிடங்கான கோயில்

அதன் பிறகு நூறு வருடங்களுக்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. 1733-ல் வரி வசூல் குத்தகைதாரரான குளோத் டூபேன் இதை வாங்கினார். அவர் மனைவி லூயிஸ் டூபேனின் வீட்டு விருந்தினர் பட்டியலில் வால்டேர், மாண்டெஸ்க்யூ போன்ற பெரிய தலைகள் இருந்தன. செயலாளராக வேலை பார்த்தவர் ரூசோ. 1747 இலையுதிர் காலத்தை ஷெனோன்சோவில் கழித்தபோது, நல்ல சாப்பாட்டில் குண்டாகிப் போனதாக ரூசோவே எழுதிவைத்திருக்கிறார்.

ஆணுக்குப் பெண் சமம் என்று வாதாடும் ஒரு பெரிய நூலுக்காக டூபேன் குறிப்புகள் சேர்த்தார். உட்கார்ந்து எழுதிக்கொடுத்தவர் ரூசோ. நூல் கடைசிவரை வெளிவரவில்லை. ஆனால் 1762-ல் வந்த தன்னுடைய 'எமில்' நூலில், பெண்ணின் படிப்பு ஆணுக்கு உகந்தவளாக இருப்பதற்கே என்று எழுதினார் ரூசோ. அத்தனை பக்கம் எழுதியும் கை மட்டும்தான் கேட்டது போலும்.

1789-ல் புரட்சி வெடித்தபோது டூபேனுக்கு வயது 80-க்கு மேல். அரச குடும்பம் இருந்த வீடு என்றாலே கடப்பாரையோடு வந்த காலம். சுற்றுவட்டாரத்தில் ஆற்றைக் கடக்க இந்த ஒரு பாலம்தான், இதை இடித்தால் எப்படிப் போவீர்கள் என்று அவர் கேட்டதாகச் சொல்கிறார்கள். உள்ளே இருந்த சிற்றாலயத்தில் விறகை அடுக்கி, கிடங்கு போலக் காட்டி அதையும் காப்பாற்றினார். ஊர் மக்களுக்கு அவரைப் பிடித்திருந்தது என்பது இன்னொரு காரணம். 1799-ல் தன் 93-வது வயதில் இறந்தார். அடக்கம் செய்தது இங்கேயே தோட்டத்தில்.

19-ம் நூற்றாண்டில் மார்கெரித் பெலூஸ் என்ற பணக்காரப் பெண் இதை வாங்கி, கேத்தரின் ஒட்டவைத்த சிலைகளையெல்லாம் பெயர்த்து, பழைய உருவத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று சொத்தையே கரைத்துத் திவாலானார். 1913-ல் சாக்லேட் வியாபாரத்தில் கொழித்த மெனியே குடும்பம் வாங்கியது. இன்றுவரை அவர்களிடம்தான் இருக்கிறது.

அடுத்த வருடமே முதல் உலகப்போர். கேத்தரின் நடனத்துக்காகக் கட்டிய மண்டபத்தில் வரிசையாகக் கட்டில்கள் விழுந்தன. மெனியே குடும்பம் தன் செலவிலேயே அதை ராணுவ மருத்துவமனை ஆக்கியது. அந்த வீட்டு மருமகள் சிமோன் மெனியே தலைமை நர்ஸ். போர் முடியும்வரை 2,000-க்கும் மேற்பட்ட காயம்பட்ட வீரர்களுக்கு இங்கே சிகிச்சை நடந்தது. படுக்கையில் இருந்தபடியே ஜன்னல் வழியாகத் தூண்டில் போட்டு மீன் பிடித்தார்களாம்.

இரண்டாம் உலகப்போரில் நிலைமை இன்னும் வினோதம். 1940-ல் பிரான்ஸைப் பிடித்த ஜெர்மனி நாட்டை இரண்டாகப் பிரித்தது. அந்தப் பகுதியில் எல்லைக்கோடு ஷெர் ஆறு. ஆக, அரண்மனையின் முன்வாசல் ஜெர்மானியர் பிடியில். மண்டபத்தின் தெற்குக் கதவைத் திறந்தால் பிடிபடாத பகுதி. 60 மீட்டர் நடந்தால் உயிர் பிழைக்கலாம். அந்த வழியாகப் பலர் தப்பினார்கள். போரில் குண்டு விழுந்து சிற்றாலயத்தின் பழைய வண்ணக் கண்ணாடிகள் நொறுங்கிவிட்டன. இப்போது இருப்பவை 1954-ல் பொருத்தியவை.

போக நினைப்பவர்களுக்கு: பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் டூர் நகரம் சுமார் ஒரு மணி நேரம். அங்கிருந்து லோக்கல் ரயிலில் அரை மணி நேரம். ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். அறைக்கு அறை புதுப் பூக்கள் வைத்திருப்பார்கள், அதற்கென்றே உள்ளே தனிப் பட்டறை உண்டு. ஆற்றுக்குள் நிற்கும் தூண்களின் வயிற்றில் இருக்கும் சமையலறையைத் தவறவிடாதீர்கள். அந்தக் காலத்தில் சாமான்கள் படகில் நேராக அங்கேதான் வந்து இறங்கும். கூட்டம் வருவதற்கு முன் காலையிலேயே போய், மண்டபத்தை முழுக்க நடந்து, அந்தத் தெற்குக் கதவு திறந்திருந்தால் எதிர்க்கரைக்கு இறங்கிவிடுங்கள். போட்டோவுக்கு அந்தப் பக்கம்தான் சரி.