சக்கரம் பெரிதானால் போதுமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

பெரியது எதுவோ அதுவே சிறந்தது என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றி நிற்கிறது. பெரிய வீடு, பெரிய திரை, பெரிய ஒலிபெருக்கி என்று வளர்ந்த இந்த ஆசை காரின் சக்கரத்தையும் விட்டுவைக்கவில்லை. பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியவர் பலர் முதலில் செய்யும் வேலை, அதன் சிறிய சக்கரங்களைக் கழற்றி எறிந்துவிட்டுப் பளபளக்கும் பெரிய அலாய் சக்கரங்களை மாட்டுவதுதான். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இதற்கென்றே தனித் தொழில் நடக்கிறது. இப்படி மாற்றுவது சரியா? சரியென்றால் எந்த அளவுக்குச் சரி?

“கார் வைத்திருப்பவர் கவலை நமக்கெதற்கு?” என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம் கல்லூரி வாசலில் நிற்பவை சைக்கிளும் மோட்டார் சைக்கிளும்தாம். ஆயினும் இந்தக் கேள்விக்குள் நாம் படிக்கும் உராய்வு இருக்கிறது, திருப்புவிசை இருக்கிறது, நிலைமத் திருப்புத்திறன் இருக்கிறது. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த நம்மில் பலரிடம், “இந்தப் படிப்பு எதற்கு உதவும்?” என்று வீட்டார் கேட்கிறார்கள். கண்ணைக் கவரும் பொருளின் முன் நின்று கணக்குப் போட்டுப் பார்க்க உதவும் என்பதே என் பதில். அந்தக் கணக்கைத்தான் இங்கே போட்டுக் காட்ட விரும்புகிறேன்.

ஒரு கார், ஒரு கணக்கு

பொதுவாகப் பேசினால் தெளிவு பிறக்காது. ஆகவே ஒரே ஒரு காரை எடுத்துக்கொள்வோம். டாட்சன் என்ற பெயர் நமக்குப் புதிதன்று. சென்னையை அடுத்த ஒரகடத்தில் செய்யப்பட்ட டாட்சன் கார்கள் 2014 முதல் நம் சாலைகளில் ஓடின. 2022இல் அந்தப் பெயருக்கே நிஸ்ஸான் நிறுவனம் விடை கொடுத்துவிட்டது. அதே பெயரில் 1969ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானில் பிறந்தது ‘டாட்சன் 240 இஸட்’. உள்நாட்டில் அதற்கு ‘ஃபேர்லேடி இஸட்’ என்று பெயர். இரண்டு கதவு, இரண்டு இருக்கை, நீண்ட மூக்கு, பின்புறம் சரிந்து இறங்கும் கூரை, ஆறு சிலிண்டர், 2,393 கன செ.மீ. எஞ்சின், ஏறத்தாழ 1,050 கிலோ எடை. அமெரிக்காவில் அன்று அதன் விலை 3,526 டாலர். பெருஞ்செல்வர் அல்லாதவரும் வாங்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் என்று அது பெயரெடுத்தது.

அலங்காரத்துக்காக மட்டும் வந்த காரன்று அது. 1973ஆம் ஆண்டு கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியில், கரடுமுரடான மண்பாதைகளைக் கடந்து முதலிடம் பெற்றது ஒரு 240 இஸட். அதை ஓட்டியவர் உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளியினரான சேகர் மேத்தா.

இந்தக் கார் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தபோது அதன் ரிம்மின் விட்டம் 14 அங்குலம். அகலம் நாலரை அங்குலம். டயர் 175 எச்.ஆர். 14. இன்று அந்தக் காரின் படங்களைப் பார்த்தால் 16, 17, ஏன், 18 அங்குல ரிம்களைக்கூடக் காணலாம்.

எண்கள் பேசும் மொழி

டயரின் பக்கவாட்டில் 205/55 ஆர் 16 என்று எழுதியிருக்கும். 205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு ஐம்பத்தைந்து பங்கு. ‘ஆர்’ என்பது ரேடியல் வகை. 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். பழைய டயர்களில் நடு எண் இராது. அவற்றின் சுவர் உயரத்தை ஏறத்தாழ 80 விழுக்காடு எனக் கொள்ளலாம்.

இப்போது கணக்கு. 175இல் 80 விழுக்காடு 140 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 280. 14 அங்குலம் என்பது 356 மி.மீ. ஆக, பழைய சக்கரத்தின் முழு வெளிவிட்டம் 636 மி.மீ. இனி மாற்றுக்கு வருவோம். 195/65 ஆர் 15 டயரின் வெளிவிட்டம் 634 மி.மீ. 205/55 ஆர் 16 என்றால் 632. 225/45 ஆர் 17 என்றாலும் 634தான்! ரிம் பெரிதாகப் பெரிதாகப் பக்கச் சுவர் தேய்ந்துகொண்டே போகிறது. வெளிவிட்டம் மட்டும் மாறாமல் நிற்கிறது. மாற்ற விரும்புவோர் மறக்கக் கூடாத முதல் விதி இதுவே: ரிம் வளரலாம்; சக்கரம் வளரக் கூடாது.

விதியை மீறினால் என்ன ஆகும்? ஒருவர் 17 அங்குல ரிம்மில் 205/60 டயரை மாட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வெளிவிட்டம் 678 மி.மீ. ஆகிவிடும், ஆறரை விழுக்காடு கூடுதல். ஸ்பீடோமீட்டர் சாலையை அளப்பதில்லை, சுழற்சியைத்தான் எண்ணுகிறது. ஆகவே முள் 100 காட்டும்போது கார் 106க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். எஞ்சின் தரும் அதே திருப்புவிசை பெரிய ஆரத்தின் வழியே தரையைத் தள்ளுவதால் உந்துவிசை குறையும். பிரேக்கின் பிடியும் அதே விகிதத்தில் குறையும். பெரிய சக்கரம் மாட்டி வேகமான கார் செய்ய நினைத்தவர், முடுக்கம் குறைந்த, நிறுத்தக் கடினமான காரைச் செய்து முடித்திருப்பார்.

அஞ்சலட்டை அளவு ரப்பர்

“அகலமான டயர் தரையை நன்றாகப் பிடிக்குமே?” என்று கேட்கலாம். இங்கே நம் பாடப்புத்தகம் முதலில் நம்மைக் குழப்பும். உராய்வு விசை தொடும் பரப்பைச் சார்ந்ததன்று என்று படித்திருக்கிறோம். மரக்கட்டைக்கும் இரும்புக்கும் அது பெரும்பாலும் பொருந்தும். ரப்பருக்கு முழுமையாகப் பொருந்தாது. ரப்பரின் மீது அழுத்தம் கூடக்கூட அதன் உராய்வுக் கெழு குறைந்துகொண்டு வரும். எனவே அகலமான டயரால் பயன் உண்டு என்பது உண்மை.

ஆனால் அந்தப் பயன் பலர் நினைக்கும் அளவு பெரிதன்று. ஓட்டுநரையும் சேர்த்து 1,120 கிலோ எடையை நான்கு சக்கரங்கள் தாங்கினால் ஒன்றுக்கு 280 கிலோ. டயரில் காற்றழுத்தம் சதுர செ.மீ.க்கு 2 கிலோ. அப்படியானால் ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 140 சதுர செ.மீ.; ஓர் அஞ்சலட்டையைவிடச் சற்றே பெரிது! காற்றழுத்தம் மாறாதவரை, டயரை அகலப்படுத்தினாலும் இந்தப் பரப்பு அதிகம் மாறாது. நீளமாக இருந்த தடம் குட்டையாகி அகலமாகும், அவ்வளவே. வளைவில் திரும்பும்போது அந்த வடிவம் உதவும். மழைநீர் தேங்கிய சாலையிலோ அதுவே எதிரியாகும். அகலமான டயர் நீரைக் கிழித்துக்கொண்டு போவதற்குப் பதிலாக நீரின்மேல் ஏறி மிதக்கும் அபாயம் கூடுகிறது.

காருக்கும் பூமிக்கும் உள்ள உறவு நான்கு அஞ்சலட்டைகள்தாம். உள்ளே இருப்பவரின் உயிரும், எதிரே வருபவரின் உயிரும் அவற்றின்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. இதை நினைவில் வைத்தால், ரிம்மின் பளபளப்பைவிட ரப்பரின் தரமே முக்கியம் என்பது விளங்கும். டயருக்கு வயதும் உண்டு. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் 2319 என்றிருந்தால், அது 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் ஆண்டில் சில நாட்களே ஓடுவதால் டயரின் பூ தேயாமலே ரப்பர் கெட்டியாகி வெடித்துவிடும். பார்வைக்குப் புதிது, பிடியில் பழையது. ரிம்முக்குப் பணத்தைக் கொட்டிவிட்டுப் பழைய டயரோடு ஓட்டுவது, பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு அறுந்த செருப்போடு நடப்பதைப் போன்றது.

சுழலும் எடை

பெரிய ரிம் பெரும்பாலும் எடை மிகுந்தது. அந்த எடை இருக்கும் இடமும் கவனிக்கத்தக்கது. உருளும் பொருளுக்கு நேர்க்கோட்டு ஆற்றலும் சுழற்சி ஆற்றலும் ஒருங்கே தரவேண்டும் என்று படித்திருக்கிறோம். ரிம்மை ஒரு வளையமாகக் கருதுவோம். 318 மி.மீ. ஆரமுள்ள சக்கரத்தில் 14 அங்குல ரிம்மின் ஒவ்வொரு கிலோவும் முடுக்கத்தின்போது 1.31 கிலோ போல் நடந்துகொள்ளும். 18 அங்குல ரிம்மின் ஒவ்வொரு கிலோவும் 1.52 கிலோ ஆகும். சிறிய ரிம் 7 கிலோ, பெரியது 10 கிலோ என்று வைத்துக்கொண்டால், நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்துக் காரின் மேல் கூடும் சுமை 24 கிலோவுக்குச் சமம். தராசில் 12 கிலோதான்; எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் அது இரட்டிப்பு.

இந்த எடை ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிறது என்பது அடுத்த தொல்லை. பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது, கனமான சக்கரத்தை ஷாக் அப்சார்பர் விரைந்து அடக்க முடியாது. சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். துள்ளுகின்ற சக்கரத்துக்குப் பிடி ஏது? பக்கச் சுவரும் ஒரு ஸ்பிரிங்தான். பழைய டயரில் 140 மி.மீ. இருந்த அந்தச் சுவர், 16 அங்குலத்தில் 113 ஆகிறது. 215/40 ஆர் 18இல் 86 ஆகச் சுருங்குகிறது. சுவர் குட்டையானால் ஸ்டியரிங் திருப்பியதும் கார் உடனே கேட்கும், இது நன்மை. ஆனால் பள்ளத்தின் அடி நேரே ரிம்மின்மேல் விழும். ரிம் வளையும், விரியும்.

பொருத்தம் பார்த்தல்

240 இஸட் காரில் சக்கரத்தை நான்கு போல்ட்டுகள் பிடிக்கின்றன. அவை அமைந்த வட்டத்தின் விட்டம் 114.3 மி.மீ. அதே அளவுள்ள ரிம் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது காரோடு சேரும் முகத்துக்கும் உள்ள தூரத்தை ஆஃப்செட் என்பார்கள். பழைய காரின் அமைப்புக்கு அது சுழியை ஒட்டியிருக்க வேண்டும். இன்றைய முன்சக்கர இயக்கக் கார்களின் ரிம்களில் அது 40 மி.மீ. அளவில் இருக்கிறது. அதை மாட்டினால் டயர் உள்வாங்கி, ஷாக் அப்சார்பர் உள்ள ஸ்ட்ரட்டில் உரசும். மாறாக, வெளியே அதிகம் துருத்தினால் மட்கார்டில் உரசும். பேரிங்கின் மேல் சுமை கூடும். பவர் ஸ்டியரிங் இல்லாத இந்தக் காரில் ஓட்டுநரின் கை வலிக்கும். அகலமான டயருக்கு அகலமான ரிம்மும் வேண்டும். பழைய நாலரை அங்குல ரிம்மில் 205 டயரைத் திணிப்பது ஆபத்து.

உரசுகிறது என்பதற்காக மட்கார்டின் விளிம்பை மடக்குவோரும் வெட்டுவோரும் உண்டு. இதுதான் எனக்கு உடன்பாடில்லாத செயல். ரிம்மைக் கழற்றி மாட்டலாம். பழைய ரிம்மைப் பரணில் வைத்துக் காக்கலாம். ஐம்பது ஆண்டுகளுக்குமுன் அடித்த தகட்டை வெட்டினால் வெட்டியதுதான். 240 இஸட் செய்வது 1973இலேயே நின்றுவிட்டது. இருப்பவை குறைந்துகொண்டுதான் போகும்.

முடிவாக

அப்படியானால் பழைய சக்கரத்தை மாற்றவே கூடாதா? அப்படிச் சொல்பவர்களோடும் நான் சேரமாட்டேன். 14 அங்குல ரிம்முக்கு உயர்ந்த வேகம் தாங்கும் நல்ல டயர்கள் இன்று அருகிவிட்டன. டயர் செய்வோர் பெரிய அளவுகளுக்குப் போய்விட்டார்கள். கிடைக்காத டயருக்காக வயதான டயரில் ஓட்டுவதைவிட, ஓர் அங்குலம் ஏறி நல்ல டயர் வாங்குவதே அறிவுடைமை. பெரிய பிரேக் தட்டு பொருத்துவோருக்கும் பெரிய ரிம் தேவைப்படும். ஆனால் பிரேக்கை மாற்றாமல் ரிம்மை மட்டும் மாற்றினால் பிரேக் வளர்ந்துவிடாது.

ஆகவே என் தீர்ப்பு இது: சாலையில் ஓட்டும் 240 இஸட்டுக்கு 15 அங்குலம் போதும், 16 எல்லை. 17ம் 18ம் கண்ணுக்கு, காருக்கு அல்ல. வெளிவிட்டம் மாறக் கூடாது. டயரின் சுமை தாங்கும் அளவும் வேக அளவும் பழையதற்குக் குறையக் கூடாது. ரிம் இலேசாக இருக்கவேண்டும். தகட்டில் கத்தி படக் கூடாது.

“பார்வைக்கு அழகாக இருக்கிறதே!” என்பார்கள். அழகை நான் வெறுக்கவில்லை. அந்தக் காரை வரைந்தவர்களும் அழகறியாதவர்கள் அல்லர். எஞ்சினின் வலிமை, ஸ்பிரிங்கின் மென்மை, பிரேக்கின் பிடி, டயரின் உயரம் ஆகிய நான்கையும் ஒன்றுக்கொன்று இசையச் செய்ததே அவர்கள் கண்ட அழகு. அதில் ஒன்றைத் தொட்டால் மற்ற மூன்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

விரலுக்கேற்ற வீக்கம் என்று நம் முன்னோர் சொன்னார்கள். நாளை நம்மில் ஒருவர் மோட்டார் சைக்கிளின் டயரை மாற்றக் கடைக்குப் போகலாம். வேறொருவர் தொழிற்சாலையில் எந்திரத்தின் கப்பியை மாற்றச் சொல்லி ஆணையிடலாம். அப்போது “இது பெரியதா?” என்று கேட்காமல், “இது பொருந்துமா? எதை மாற்றும்? எவ்வளவு மாற்றும்?” என்று கேட்போமானால், நாம் படித்த படிப்பு வீண்போகாது.